காணாமல் போன ஆறு கிராம்

ஓவர்சியரின் தம்பிக்குப் பார்சல் கட்டத் தெரியாது. அது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முன்பு ஒருமுறை கண்ணாடிச் சட்டம் போட்ட கல்யாணப் போட்டோவை அனுப்பியிருந்தான். வந்து சேர்ந்தபோது போட்டோ தனி, சட்டம் தனி, கண்ணாடி பொடிப்பொடி. மாப்பிள்ளையின் மூக்கில் ஒரு கீறல் வேறு. அதனால் இந்த அட்டைப்பெட்டியை ஓவர்சியர் பயந்து பயந்துதான் பிரித்தாள்.

உள்ளே அவளுடைய கல்லூரி ரெக்கார்டு நோட்டு, போட்ட பழுப்பு அட்டை கலையாமல், ஒரு மூலைகூட மடங்காமல் படுத்திருந்தது. சுற்றிலும் கசக்கிய காகித உருண்டைகள். இண்டு இடுக்கு விடாமல் திணித்திருந்தான்.

"பரவாயில்லையே, மச்சானுக்குப் புத்தி வந்துருச்சு," என்றான் அவள் புருஷன். "என் மூக்கு போன பிறகாவது வந்துச்சே."

"வாயை மூடிட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. எண்ணெய்க் கையோட இதைத் தொடாதீங்க."

"உத்தரவு, ஓவர்சியரம்மா."

அந்தப் பேர் அவளுக்குப் பதினாறு வயதில் ஒட்டியது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எட்டாம் வகுப்பைத் தாண்டிய தலை அந்த வீட்டில் அவளுடையதுதான். சிவில் டிப்ளமோவில் சேர்ந்த அன்றே கட்டட வேலைக்கு வரும் ஆட்கள் எல்லாம் அவளை ஓவர்சியர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாதி பெருமை, பாதி நக்கல். புருஷன் அந்தப் பேரைக் கல்யாணத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டான். இப்போது முப்பத்தாறு வயதில், கடல் தாண்டி வந்து, ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை எதிரில் நிற்பவளோடு சேர்ந்து இழுத்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. தோள்பட்டையைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும்.

சலவைக்கூடத்துக்குப் போகும் பஸ் திரும்புகிற முக்கில் ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. கட்டடத்துக்குப் போகிற மணல், ஜல்லி, சிமெண்ட், கான்கிரீட் எல்லாவற்றையும் சோதித்துச் சீட்டுக் கொடுக்கிற இடம். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் சல்லடை அடுக்கு தெரியும். தினமும் காலையில் பஸ் சிக்னலில் நிற்கிற அரை நிமிஷம் அவள் அதைத்தான் பார்ப்பாள். கான்கிரீட் கட்டியை நொறுக்குகிற எந்திரத்துக்கு முன்னால் ஒரு பெண் நிற்பாள். அவள் கையில் தப்புத் தப்பாகப் பிடித்த பென்சில்கூட ஓவர்சியருக்குத் தெரியும். அந்த வேலைக்கு அங்கே ஆள் தேவை என்று பலகை தொங்கி நாலு மாசம் ஆகிறது. டிப்ளமோ வேண்டும். அவளிடம் டிப்ளமோ இருக்கிறது. ஆனால் அது இந்த நாட்டில் டிப்ளமோதானா என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்வதற்கென்றே ஒரு ஆபீஸ். வெளிநாட்டுப் படிப்பையெல்லாம் வாங்கிப் பார்த்து, இது எங்கள் ஊர்ப் படிப்பில் இவ்வளவுக்குச் சமம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அவள் காகிதத்தை எட்டு மாசம் வைத்திருந்துவிட்டு ஒரு கடிதம் போட்டார்கள். பாடம் சரி. கணக்கு சரி. ஆனால் செய்முறை வகுப்பு எத்தனை மணி நேரம், என்னென்ன செய்தீர்கள் என்பது மதிப்பெண் பட்டியலில் இல்லை, கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும்.

கல்லூரிக்கு எங்கே போவது? இழுத்து மூடி ஆறு வருஷம். அவள் தியரி படித்த கூடத்தில் இப்போது தரை ஓடு குடோன். படித்து முடித்து நாலு வருஷம் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்த்தாள்தான். சம்பளச் சீட்டே கொடுக்காத மனுஷன் சான்றிதழா கொடுப்பார்? அதையெல்லாம் எழுதிப் போட்டாள். அப்படியானால் செய்முறைக்கு வேறு என்ன சான்று இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவோம், சான்று போதாவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று பதில் வந்தது. கோப்பு மூடினால் முதல் வருஷத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு, இரண்டு வருஷம், சலவைக்கூடத்தையும் விடாமல்.

அப்போதுதான் அவளுக்கு ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்தது. ஊருக்குப் போன் போட்டுத் தம்பியைப் பரண்மேல் ஏற்றினாள்.

"இருக்குக்கா. பழுப்பு அட்டை போட்டது. கூடவே இன்னொரு நோட்டு இருக்கு, பாதி கிழிஞ்சு, சிமெண்ட்டும் மண்ணுமா. அதையும் வைக்கவா?"

"அது ரஃப் நோட்டுடா. அந்தக் கண்றாவி எதுக்கு? ஆபீசர் பார்த்தா காறித் துப்புவான். தூக்கிப் போடு."

தூக்கிப் போட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

நேர்காணலன்று காலையில் புருஷன் சொன்னான், "பெட்டியோடவே கொண்டு போ. பஸ்ல நெரிச்சுக் கசக்கிடுவானுங்க." அவன் சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். எது எதற்குள் இருந்தால் பத்திரம் என்று அவன் சொன்னால் கேட்கலாம். காகித உருண்டைகளோடு பெட்டியை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

---

அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசைமேல் ஒரு கம்பியில்லாத் தொலைபேசி. எதிரே மதிப்பீட்டு அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர். கறுப்புக் கம்பளிச் சட்டை, காதில் பென்சில். அவள் முதலில் பார்த்தது அவர் கையை. வலது பெருவிரல் நகம் பிளந்து ஆறி, மறுபடி கோணலாக முளைத்திருந்தது. ஆபீஸில் உட்கார்ந்து யாருக்கும் நகம் அப்படி ஆகாது. அந்தக் கை சும்மாவும் இருக்கவில்லை. கோப்பைப் படிக்கும்போதே ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, வளைத்து, மறுபடி நிமிர்த்திக்கொண்டிருந்தது.

அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குச் சலவைக்கூடத்துக்குப் போதுமான அளவு வரும். அதை நம்பி டிப்ளமோவைப் பேச முடியாது. அதனால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு இளம்பெண் குரல்.

"வணக்கம்க்கா. நீங்க சொல்றதை அவர்கிட்டயும் அவர் சொல்றதை உங்ககிட்டயும் அப்படியே சொல்லுவேன். நானா எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சரியா?"

"சரிம்மா."

அவள் பெட்டியைத் திறந்து ரெக்கார்டு நோட்டை எடுத்து, இரண்டு கையாலும் மேசையில் வைத்தாள். கறுப்பு மையில் எழுத்து, பென்சிலில் படம், சிவப்பில் ஆசிரியர் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் கோடு போட்டு ஓரம் விட்டது. அடித்தல் திருத்தல் ஒன்று கிடையாது. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அந்தத் தாளையே கிழித்துவிட்டு மறுபடி எழுதியவள் அவள். கல்லூரியில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து வாங்கிப் பார்த்துவிட்டுப் போன நோட்டு.

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலில் முகத்தில் ஒரு நல்ல குறி தெரிந்தது. பிறகு அது போய்விட்டது. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்த்தார், அப்புறம் மூன்றாவது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

அவர் சொல்லி முடித்ததும் குரல் வந்தது. "அக்கா, எழுத்து ரொம்ப அழகா இருக்குதாம். மணல் சலிக்கிற சோதனை அஞ்சு இருக்குதாம், அஞ்சு வகை மணல். ஒவ்வொண்ணுக்கும் ஆயிரம் கிராம் எடுத்து, ஏழு தட்டுல பிரிச்சு நிறுத்திருக்கீங்களாம். கூட்டினா அஞ்சுலயும் சரியா ஆயிரம் வருதாம். ஒரு கிராம்கூடக் குறையலியாம். எப்படின்னு கேக்கறாரு."

எப்படி என்று கேட்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆயிரம் வந்தால்தான் சோதனை சரி. ஆயிரம் வராவிட்டால்தானே கேள்வி.

"கவனமா செஞ்சோம்னு சொல்லும்மா."

குரல் சொன்னது. அதிகாரி தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஒப்புதல் இல்லை.

"அக்கா, அவர் முப்பது வருஷமா மணல் சலிக்கிறாராம். அவருக்கு ஒரு தடவைகூட ஆயிரம் வந்ததில்லையாம்." குரல் கொஞ்சம் தயங்கியது. "இதைச் சோதனை பண்ணி எழுதுனீங்களா, இல்ல புத்தகத்தைப் பார்த்து எழுதுனீங்களான்னு கேக்கறாரு. நான் கூட்டிச் சொல்லலக்கா, அப்படித்தான் கேக்கறாரு."

ஓவர்சியருக்குக் காது சூடாகிவிட்டது. மணலைத் தொடாமல் எழுதினாளாம். பள்ளிக்கூட லீவு விட்டால் அம்மாவோடு போய்ச் சாய்த்து நிறுத்திய கம்பிச் சல்லடையில் மணலை வாரி வாரி எறிந்தவள் அவள். சாயங்காலம் பல்லிடுக்கிலும் மணல் நறநறக்கும். அதையெல்லாம் இந்தத் தொலைபேசிக்குள் எப்படி நுழைப்பது?

அந்தச் சமயத்தில் அதிகாரியின் கை கிளிப்பை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் போயிருந்தது. அவர் கண் இன்னும் நோட்டில்தான். கை தானாக ஒரு காகித உருண்டையை எடுத்து, மேசையில் வைத்துப் பிரித்து, உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தது. பாதி நீவியதும் கண்ணும் கீழே வந்தது.

பென்சில் எழுத்து. கோணல் மாணலாகக் கட்டம். ஒரு ஓரத்தில் காய்ந்த சிமெண்ட்டில் பெருவிரல் ரேகை. எண்கள் அடித்து எழுதி, அடித்து எழுதி. கடைசியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் பேப்பர் கிழிகிற மாதிரி ஒரு வட்டம்.

ஓவர்சியர் எட்டிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. தூக்கிப் போடச் சொன்ன ரஃப் நோட்டைத் தம்பி தாள் தாளாகக் கிழித்துப் பெட்டியில் திணித்திருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது.

அதிகாரி நீவிய தாளை ரெக்கார்டு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே தேதி. ஒரே ஆற்று மணல். ஒரே வரிசை எண். முதல் ஆறு தட்டின் எடையும் இரண்டிலும் ஒன்றே. ஏழாவது தட்டில் மட்டும் வேறு. அழுக்குத் தாளில் இருபத்தெட்டு, அழகு நோட்டில் முப்பத்தேழு.

"அக்கா, இது என்ன காகிதம்னு கேக்கறாரு. எனக்குத் தெரியல, நான் பார்க்க முடியாதே. ரெண்டுல எது நிஜம்னும் கேக்கறாரு."

பொய் சொல்ல வழி இருந்தது. அது வேறொருத்தி எழுதியது என்று சொல்லலாம். முதலில் பழகிப் பார்த்தது, அப்புறம் திருப்பிச் செய்தபோது ஆயிரம் வந்தது என்று சொல்லலாம். இரண்டையும் அவள் நினைத்துப் பார்த்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அந்தப் பெருவிரல் ரேகை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினேழு வயசு விரல்.

"ரெண்டும் நான் எழுதினதுதான்மா. இந்த அழுக்குத் தாள் தராசைப் பார்த்து எழுதினது. அந்த நோட்டு தராசைப் பார்க்காம எழுதினது."

குரல் உடனே மொழிபெயர்க்கவில்லை. "அக்கா, இதை அப்படியே சொல்லவா?"

"கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன்னு நீதானே சொன்னே. சொல்லு."

சொன்னது. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கோபமில்லை. பிரித்துப் போட்ட மோட்டாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஏன் என்று கேட்டார். அந்த ஒற்றைச் சொல் அவளுக்கே புரிந்தது.

அவள் சொன்னாள். முதல் சோதனையில் ஏழு தட்டையும் ஒழுங்காக நிறுத்தேன், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று வந்தது. லேப் மாஸ்டர் வட்டம் போட்டு, ஒன்பது கிராமை வீட்டுக்கா கொண்டு போனே என்று கேட்டார். ஆயிரம் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. முன்னால் படித்த பிள்ளைகள் வழி சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு தட்டை நிறுத்துக்கொள், ஏழாவதைத் தொடாதே. ஆறையும் கூட்டி ஆயிரத்தில் கழித்துவிடு. மிச்சம் என்னவோ அதுதான் அடித் தட்டின் எடை. எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

"இருங்கக்கா, எனக்கு ஒண்ணு புரியல," என்றது குரல். தான் எதையும் கூட்டுவதில்லை என்பதை அது மறந்துவிட்டது. "அடித் தட்டுன்னா, மாவு சலிச்சா கீழே விழுமே, அந்தப் பாத்திரம்தானே?"

"அதேதான். ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஆறு சல்லடை. மேல இருக்கறது பெரிய கண்ணு, கீழ போகப் போகச் சின்னக் கண்ணு. எதுலயும் நிக்காத தூசி கடைசியா அடித் தட்டுல விழும்."

"அதை மட்டும் யாரும் நிறுக்கவே இல்லையா?"

"நிறுக்கல."

"அப்ப அதுல நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

பத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, அவள் உள்பட.

அதிகாரி தொலைபேசியைப் பார்த்து ஏதோ சொன்னார். உங்கள் இரண்டு பேர் பேச்சும் முடிந்தால் எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள் என்கிற மாதிரி. குரல் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். தொலைபேசியைத் தாங்கியிலிருந்து பிடுங்கி மேல்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அக்கா, கீழே மணல் இருக்குதாம். வரச் சொல்றாரு. என் நேரம் பதினோரு மணிக்கு முடியுது, பரவாயில்ல, நான் வைக்கப் போறதில்ல. எனக்கும் தெரிஞ்சாகணும்."

---

கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மூலை. ஒரு பக்கம் பாதி கட்டி நின்ற செங்கல் சுவர், யாரோ ஒரு கொத்தனாரின் பரீட்சை. இன்னொரு பக்கம் குழாய்த் துண்டுகள், ஒயர் தொங்கும் பலகை. கோடியில் சல்லடை அடுக்கு, தராசு, ஒரு தட்டு நிறைய உலர்த்திய மணல். பக்கத்தில் குலுக்குகிற எந்திரம்.

எந்திரத்தைக் காட்டினார். அவள் வேண்டாம் என்றாள். கல்லூரி எந்திரத்தின் மோட்டார் அவள் சேருவதற்கு முன்பே கருகிப் போயிருந்தது. மூன்று வருஷமும் கையால் சலித்ததுதான்.

ஆயிரம் கிராம் நிறுத்தாள். அடுக்கின் மேலே கொட்டினாள். மூடியைப் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, வட்டமாக ஒரு சுற்று, முன்னும் பின்னும் ஒரு உலுக்கு, அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பத்து நிமிஷம். தோள்பட்டை எண்ணூறு விரிப்பை மறந்துவிட்டு இதை ஞாபகம் வைத்திருந்தது. அதிகாரி சுவரில் சாய்ந்து அவள் கையையே பார்த்தார். நடுவில் ஒரே ஒரு தடவை ஏதோ சொன்னார்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறாரு."

"கூலி வேலை கத்துக் குடுத்துச்சுன்னு சொல்லு."

பிறகு ஒவ்வொரு சல்லடையாகப் பிரித்து, அதில் நின்ற மணலைத் தராசுக் கிண்ணத்தில் கொட்டி நிறுத்து, அவர் கொடுத்த தாளில் எழுதினாள். இருபத்திரண்டு. எழுபத்துநாலு. நூற்றெண்பத்தாறு. இருநூற்று நாற்பத்துமூன்று. முந்நூற்றுப் பதினொன்று. நூற்றிருபத்தெட்டு. கூட்டிக்கொண்டே வந்தாள். தொள்ளாயிரத்து அறுபத்துநாலு.

ஏழாவது கட்டத்தில் அவள் கை முப்பத்தாறு என்று எழுதியது.

எழுதிய பிறகுதான் பார்த்தாள். அடித் தட்டு இன்னும் மேசையிலேயே இருந்தது. தராசில் ஒன்றுமில்லை, பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

பையிலிருந்து குரல் வந்தது. "அக்கா? லைன்ல இருக்கீங்களா? என்ன ஆச்சு, யாருமே பேசலியே?"

"இரும்மா. என் கை ஒரு திருட்டு வேலை பண்ணிருச்சு."

"இதை மொழிபெயர்க்கவா?"

"வேணாம். அவர் பார்த்துட்டாரு."

பக்கத்தில் அழிப்பான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முப்பத்தாறின் மேல் ஒரே கோடு போட்டாள், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பிறகு அடித் தட்டில் இருந்ததைத் தராசுக் கிண்ணத்தில் கொட்டினாள். எண் ஓடி நின்றது. முப்பது.

முப்பது என்று எழுதினாள். கூட்டினாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றுநாலு. தாளை அவர் பக்கம் தள்ளினாள். பெயிலானால் ஆகட்டும், நிறுத்தது இதுதான்.

அதிகாரி பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு கிராம் வரைக்கும் குறையலாமாம். உங்களுக்கு ஆறு குறையுதாம். இதை ஏத்துக்க முடியாதாம்," என்றது குரல், தானே பெயிலான மாதிரி. "அந்த ஆறு கிராம் எங்கேன்னு கேக்கறாரு."

அதே கேள்விதான். லேப் மாஸ்டர் கேட்டது. வீட்டுக்கா கொண்டு போனே. ஆனால் அவர் கேட்டபோது பதில் வேண்டிக் கேட்கவில்லை. இவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். ஓவர்சியருக்கும் இப்போது அதே அரிப்பு. ஆயிரம் கிராம் போட்டேன். கதவு மூடியிருக்கிறது. காற்று இல்லை. எங்கே போகும்?

குனிந்து மேசையைப் பார்த்தாள். நாலைந்து மணல், அவ்வளவுதான். மூடியைத் திருப்பித் தட்டினாள், ஒன்றுமில்லை. முதல் சல்லடையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கண்கள் எல்லாம் திறந்திருந்தன. இரண்டாவது, மூன்றாவது, அதே. நாலாவதைத் தூக்கினாள். அங்கங்கே வெளிச்சம் வரவில்லை. கண்ணுக்குக் கண் ஒரு மணல், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டு தொங்கியது.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"எங்கக்கா? எங்க இருந்துச்சு?"

"சல்லடைக் கண்ணுல சிக்கிக்கிட்டு இருக்கு."

விரலால் குத்தினால் கம்பி விரிந்துவிடும். அவள் சல்லடையைக் கவிழ்த்து, அங்கே கிடந்த மெல்லிய பிரஷ்ஷால் அடிப்பக்கமிருந்து வட்டமாகத் தேய்த்தாள். பொல பொலவென்று கொட்டியது. இரண்டு கிராம். ஐந்தாவது சல்லடையிலும் அதே வேலை, அங்கே இரண்டு கிராம். ஆறாவதில் ஒன்றும் பெயரவில்லை. மறுபடி நிறுத்து, பழைய எண்களின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதினாள். இருநூற்று நாற்பத்தைந்து. முந்நூற்றுப் பதின்மூன்று. மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

அன்றைக்கு அந்த ஒன்பது கிராமும் சல்லடைக் கண்ணில்தான் இருந்திருக்கும். கவிழ்த்துத் தேய்த்துப் பார் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் போதும். அவள் தேடியிருப்பாள். வட்டம் போடத்தான் ஆள் இருந்தது.

"மீதி ரெண்டு கிராம்?" என்றது குரல். அதிகாரியும் அதையேதான் கேட்டிருந்தார் என்று பிறகு சொன்னது.

ஓவர்சியர் தன் சட்டைக் கையைப் பார்த்தாள். பிறகு அவருடைய கறுப்புக் கம்பளிச் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சுப் பக்கம் மாவு பூசின மாதிரி சாம்பல் படிந்திருந்தது.

"ஒரு கிராம் என் மேல, ஒரு கிராம் அவர் மேல. வேணும்னா உதறச் சொல்லு, நிறுத்துக் காட்டறேன்."

குரல் சிரித்துக்கொண்டே சொன்னதில் பாதி வார்த்தை விழுந்திருக்கும். அதிகாரி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். உதறவில்லை. காதுப் பென்சிலை எடுத்து அந்தத் தாளின் கீழே கையெழுத்துப் போட்டார்.

மேலே வந்ததும் கோப்பில் எழுதினார். எழுத எழுத அவர் வாய்விட்டுப் படித்ததைக் குரல் சொன்னது. செய்முறையை நேரில் பார்த்தேன், செய்யத் தெரிந்தவர், டிப்ளமோ சமம். ஆனால் இந்த நாட்டு வேலையிடப் பாதுகாப்பு விதிகள் மூன்று மாசம் தனியாகப் படித்துத் தேற வேண்டும். அதற்கு விலக்குக் கிடையாது, யாராக இருந்தாலும். கடிதம் மூன்று வாரத்தில் வீட்டுக்கு வரும், அதிலும் இதேதான் இருக்கும்.

இன்றைக்குச் செய்த தாளைக் கோப்பில் வைத்தார். அந்த அழுக்குத் தாளையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். ரெக்கார்டு நோட்டை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார், இரண்டு கையாலும். எழுத்து அழகு என்று மறுபடி சொன்னார். அது அவளுக்குப் பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. அழகுதான், அவ்வளவுதான்.

"அக்கா, நான் வைக்கறேன். பதினொண்ணு இருபது ஆச்சு," என்றது குரல். "இனி வீட்டுல மாவு சலிச்சா சல்லடையைக் கவிழ்த்துப் பார்ப்பேன்."

"பாரும்மா."

பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உருண்டையாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ரஃப் நோட்டு மொத்தமும் அதில்தான் இருந்தது. ஓடை மணல் சலித்த தாள் கிடைத்தது. கல் பொடித் தாள் கிடைத்தது. மீதி நாலு சோதனையும் கிடைத்தன. நாலிலும் ஆறு கட்டங்களில் பென்சில் எண்கள். ஏழாவது கட்டம் நாலிலும் காலி.

போன் அடித்தது. புருஷன். பின்னால் கிடங்கின் வண்டிச் சத்தம்.

"என்ன ஓவர்சியர், பாஸா பெயிலா?"

"பாஸ்தான். பாதுகாப்புப் பாடம் மூணு மாசம் படிக்கணும்."

"பாஸ்னா கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன். யாரோ செத்த மாதிரி சொல்றே."

"இல்லைங்க, ஒண்ணு யோசிச்சுட்டு இருக்கேன். அந்தக் கல் பொடி இருக்கே, அதுல தூசி அதிகம். அடித் தட்டுல எழுபது எண்பது கிராம் இருந்திருக்கும். நாங்க நிறுக்காமலே கொட்டிட்டோம்."

"எந்தக் கல் பொடி?"

"பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால."

"சரி, வந்து சொல்லு," என்றான். "உன் தம்பிக்கு நான் போன் போட்டுத் தாங்க்ஸ் சொல்லிடவா? பெட்டி நல்லாக் கட்டினான்னு?"

"சொல்லுங்க. ஆனா ஏன்னு சொல்லாதீங்க. அப்புறம் அவனைக் கையில பிடிக்க முடியாது."

பஸ் முக்கில் சிக்னலுக்கு நின்றது. பரிசோதனைக்கூடத்தின் சன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் சல்லடை அடுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஓவர்சியர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, அவள் சல்லடையைக் கவிழ்த்துத் தேய்க்கிறாளா என்று பார்த்தாள். தேய்ப்பதற்குள் விளக்குப் பச்சையாகிவிட்டது. மணியை அடித்தாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இன்னும் ஐந்து நிறுத்தம் இருந்தது.